வேர் முடிச்சைக் கீறிப் பார்க்காத வருடம்

2022 ஆடிப் பட்டத்தில் இரண்டு ஏக்கர் கடலை போட்டு 25,500 ரூபாய் விட்டேன். பெரிய தொகையா என்றால், பெரிய பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இல்லை. எனக்குப் பெரியது. அதைவிட, அந்த நாலு மாதமும் யாரிடமும் வாய்திறந்து சொல்ல முடியாமல் வயலுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்ததுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. இது பூச்சியால் வந்த நட்டம் இல்லை, வெள்ளத்தால் வந்ததும் இல்லை. வேரில் வாழும் பாக்டீரியாவை நம்பிப் பணம் போட்டு, அதை நானே பாதி வழியில் கொன்று, மீதிக்கு நான் வாங்கியதே வேறு பாக்டீரியாவாக இருந்த கதை. உயிர் உரம் வாங்கப் போகிற யாராவது வாங்குவதற்கு முன்னால் படித்தால் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

கல்லல் பக்கம் எங்கள் ஊர். செட்டிநாடு என்றதும் எல்லோருக்கும் பெரிய வீடும் ஆத்தங்குடிக் கல்லும் நினைவுக்கு வரும். எங்களுடையது நாலு அறை ஓட்டு வீடு, ஊருக்குத் தெற்கே ஐயா காலத்து இரண்டரை ஏக்கர் செவல். ஒரு முழம் தோண்டினால் செம்புறாங்கல் தட்டும். நான் சென்னையில் பதினாறு வருடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அதற்குள் நிலத்தைச் சீமைக்கருவேல் எடுத்துக்கொண்டது. 2021 கடைசியில் ஊருக்கு வந்து ஜேசிபி விட்டுக் கருவேலை வேரோடு பிடுங்கினேன். மனைவியும் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்காக இன்னொரு வருடம் சென்னையிலேயே இருப்பது என்று முடிவு. ஆக நான், கண் தெரியாத அப்பத்தா, ஒரு எக்ஸ்எல் வண்டி, ஒரு நோட்டு. நோட்டில் எல்லாச் செலவையும் எழுதினேன், தொழில் புத்தி. அதனால்தான் இந்தத் தொகைகளை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது.

ரசாயன உரம் அதிகம் போடக்கூடாது என்று ஒரு வைராக்கியம். இணையத்தில் நிறையப் பார்த்திருந்தேன். பயறு, கடலைச் செடிகளின் வேரில் பாக்டீரியா புகுந்து முடிச்சுப் போடும், காற்றில் இருக்கிற தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும், செடி பதிலுக்குத் தன் சர்க்கரையைக் கொடுக்கும் என்பது வரைக்கும் தெரியும். இது புதுச் சரக்கும் இல்லை. அந்த முடிச்சிலிருந்து பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டியவர் பெயெரிங்க் என்ற டச்சுக்காரர், 1888-ல். எட்டே வருடத்தில், 1896-ல், நோபே, ஹில்ட்னர் என்று இரண்டு ஜெர்மன்காரர்கள் அதைப் புட்டியில் அடைத்து விற்கக் காப்புரிமையே வாங்கிவிட்டார்கள். இவ்வளவு பழைய விஷயத்தில் ஏமாற என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

டவுனில் ஒரு கடை. பெயர் வேண்டாம். கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர். “ஏக்கருக்கு ஒரு செட் போடுங்க சார், அடியுரமே வேண்டாம், யூரியா வேண்டாம், எல்லாத்தையும் இதுவே இழுத்துக் கொடுத்துரும்” என்றார். ஒரு செட்டில் மூன்று வகைக் கருப்புப் பொடிப் பொட்டலங்கள், ஒரு வெள்ளைப் பொடி டப்பா, ஒரு புட்டி. செட் 3,200, இரண்டு செட் 6,400. பில் கேட்டேன், துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பதினாறு வருடம் பில் இல்லாத செலவைத் திருப்பி அனுப்பியவன் அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இதுதான் முதல் தப்பு. மற்ற எல்லாம் அப்புறம் வரிசையாக வந்தன.

வாங்கியது ஆனிக் கடைசியில். மழையை எதிர்பார்த்துப் பதினோரு நாள் காத்திருந்தேன். அந்தப் பதினோரு நாளும் பொட்டலங்கள் கிணற்றடித் தகரக் கொட்டகையில் இருந்தன. மத்தியானம் அந்தக் கொட்டகைக்குள் போனால் நமக்கே மூச்சு முட்டும். உரமூட்டை பக்கத்தில் உரப்பொட்டலம் இருக்கட்டும் என்ற எண்ணம்தான், வேறு யோசனையே வரவில்லை. பொட்டாசும் யூரியாவும் வெயிலில் கிடந்தால் கட்டி தட்டும், அவ்வளவுதான். இது அப்படி இல்லையே. பாலுக்கு உறை ஊற்ற வைத்திருக்கும் தயிர் மாதிரி இது. தயிரைத் தகரக் கொட்டகையில் பதினோரு நாள் வைப்போமா?

விதை நேர்த்தி செய்த அன்றைக்கு நடந்ததை இன்னும் விவரமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். 110 கிலோ விதைப் பருப்பு. கிலோ 125 ரூபாய், மொத்தம் 13,750. சோறு வடித்த கஞ்சியை ஆவி பறக்க வாளியில் ஊற்றினேன். சூடாக இருந்தால் நன்றாக ஒட்டும் என்று என் கண்டுபிடிப்பு. அதில் கருப்புப் பொடியைக் கொட்டிக் கலக்கினேன். கழுத்தழுகல் வரும் என்று பயந்து, கடையில் தனியாக வாங்கிய பூஞ்சாணக் கொல்லி மருந்தையும் அதே வாளியில் போட்டேன். கெட்டியாக இருந்ததால் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினேன். அன்றைக்குத்தான் மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள், வாடை கையிலேயே இருந்தது. கலந்த விதையைக் களத்தில் வெயிலில் பரப்பி ஒரு மணி நேரம் உலர்த்தினேன். பாக்டீரியாவை ஒழிக்க என்னென்ன வழி உண்டோ அத்தனையையும் ஒரே காலைப் பொழுதில் செய்து முடித்தவன் இந்த வட்டாரத்தில் நானாகத்தான் இருப்பேன்.

விதைத்த பிறகு வந்த தூறல் மேல்மண்ணை நனைத்ததோடு சரி. அடுத்த ஒன்பது நாள் சொட்டு இல்லை. கிணற்றில் இருந்ததைக் கொண்டு ஒரு ஏக்கருக்குத்தான் தண்ணீர் காட்ட முடிந்தது. முளைப்பு பரவாயில்லை. இருபத்தைந்தாம் நாள் வாக்கில் செடிகள் வெளிற ஆரம்பித்தன. நடுவயலில் பாய் அளவுக்குப் பாய் அளவு மஞ்சள் திட்டு. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரில் கடுகு அளவுக்குச் சின்னச் சின்ன முடிச்சுகள் இருந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. பாக்டீரியா வேலை செய்கிறது, கொஞ்சம் பொறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பத்தாவிடம் போய், “வேருல முத்து முத்தா வந்திருக்கு” என்றேன். “முத்து வந்தா இலை ஏன்டா வெளுக்குது” என்று கேட்டது அந்தக் கிழவி. கண் தெரியாது, நான்தான் முந்தின நாள் மஞ்சளாகிறது என்று புலம்பியிருந்தேன்.

முப்பத்தைந்தாம் நாள் பொறுக்க முடியாமல் ஒரு மூட்டை யூரியா வாங்கி, 267 ரூபாய், தூவிவிட்டேன். ஒரே வாரத்தில் வயல் கரும்பச்சையாகிவிட்டது. ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மனைவிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். ஆனால் செடி தளதளவென்று மேலே போனதே தவிர, மண்ணுக்குள் போய்க் காயாகும் விழுது இறங்கியது குறைவு. தழைச்சத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டால் செடி எதற்கு வேரில் பாக்டீரியாவுக்குச் சோறு போட்டு வளர்க்கும்? இருக்கிற முடிச்சையும் கைவிட்டுவிடும். இது எனக்கு அப்போது தெரியாது. இடையில் அங்கங்கே செடிகள் அடித்தண்டு கருத்து வாடின. அதற்கு மருந்து, 2,300.

பக்கத்து வயல்காரரை மாமா என்றுதான் கூப்பிடுவேன், தூரத்துச் சொந்தம். அவர் கடலை எப்போதும் போல இருந்தது. பிரமாதமும் இல்லை, மோசமும் இல்லை. ஒரு நாள் சாயங்காலம் வரப்பில் உட்கார்ந்திருந்தவர், “மாப்பிள, ஒரு செடியைப் பிடுங்கிட்டு வா” என்றார். தன் வயலிலிருந்து ஒன்றைப் பிடுங்கினார். மண்ணை உதறிவிட்டு இரண்டையும் துண்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவருடையதில் முடிச்சுகள் ஆணிவேரை ஒட்டிக் கொத்தாக இருந்தன, என்னுடையதில் பக்க வேர் நுனிகளில் சிதறிக் கிடந்தன. கட்டைவிரல் நகத்தால் அவர் செடி முடிச்சு ஒன்றைக் கீறினார். உள்ளே மாதுளை முத்து மாதிரிச் சிவப்பு, நகத்தில் ஒட்டிக்கொண்டது. என்னுடையதைக் கீறினார். வெள்ளை. இன்னொன்று, லேசான பச்சை. இன்னொன்று, உள்ளே ஒன்றுமே இல்லாத சக்கை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அந்தச் சிவப்பு என்னவென்று பின்னால் தெரிந்துகொண்டேன். நம் ரத்தத்தில் ஹீமோகுளோபின் இருப்பது போல முடிச்சுக்குள் லெக்ஹீமோகுளோபின் என்று ஒன்று இருக்கிறது. தழைச்சத்தைப் பிடிக்கும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது, ஆனால் பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இரண்டுக்கும் நடுவே அளந்து அளந்து கொடுப்பது இந்தச் சிவப்புதான். சிவப்பு இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. வெள்ளையாக இருந்தால் ஒன்று இன்னும் முற்றவில்லை, அல்லது உட்கார்ந்து தின்னும் பாக்டீரியா. பச்சை என்றால் வயதாகிவிட்டது. ஆக முடிச்சு இருக்கிறதா என்று பார்ப்பதில் பாதி வேலைதான் முடிகிறது. முப்பதாம் நாளிலிருந்து வாரம் ஒரு தடவை நாலு இடத்தில் நாலு செடியை இழுக்காமல், மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து எடுத்துக் கீறிப் பாருங்கள். இழுத்தால் நல்ல முடிச்சுகள் மண்ணுக்குள்ளேயே அறுந்து நின்றுவிடும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. நான் 25-ஆம் நாள் ஒரு நகம் போட்டிருந்தால் அந்த யூரியாவுக்கு முன்னால் யாரையாவது போய்க் கேட்டிருப்பேன்.

அறுவடைக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உழவு 8,800, விதை 13,750, அந்தச் செட்டுகள் 6,400, விதைப்புக் கூலி 4,200, இரண்டு களை 11,400, ஜிப்சம் 2,900, மருந்தும் யூரியாவும் 2,567, பிடுங்கிக் காய் ஆய்ந்த கூலி 12,600. கூட்டினால் 62,617. கிடைத்தது 40 கிலோ மூட்டையில் 14 மூட்டை, அதிலும் பொக்குக் காய் அதிகம். மூட்டை 2,650-க்குப் போனது, 37,100. என் உழைப்பு கணக்கில் இல்லை. காய் ஆய வந்த அக்கா ஒருவர், “இவ்வளவு கொடி இருக்கு, காயைக் காணோமே தம்பி” என்று வெள்ளந்தியாகச் சொன்னார். அன்று இரவு சாப்பிடவில்லை. மனைவியிடம் போட்ட காசு வந்துவிட்டது என்று பொய் சொன்னேன். மாசி மாதம்தான் உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். “அந்தப் பச்சைப் படத்தை நான் எல்லாருக்கும் அனுப்பினேனே” என்று மட்டும் சொன்னாள், அது திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது.

சரி, அழுதது போதும் என்று வயலில் ஐந்தாறு இடத்தில் மண் எடுத்துக் கலந்து ஒரு பையில் போட்டுக்கொண்டு, காலிப் பொட்டலங்களையும் எடுத்துக்கொண்டு, குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போனேன். காலிப் பொட்டலங்களைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தது கணக்கன் புத்தி செய்த ஒரே நல்ல காரியம். அங்கே இருந்த அலுவலர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அசோஸ்பைரில்லம். பாஸ்போபாக்டீரியா. பொட்டாஷ் பாக்டீரியா. டப்பாவில் சூடோமோனாஸ், அது நோய் தடுக்கும் பாக்டீரியா. “நீங்கள் போட்டது கடலைதானே, இதில் ரைசோபியம் எங்கே?” என்றார். கடலை வேரில் முடிச்சுப் போடும் பாக்டீரியாவின் பெயர்தான் ரைசோபியம். எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. தழைச்சத்துக்கு ஒரு பொட்டலம் இருந்தது, அசோஸ்பைரில்லம். ஆனால் அது முடிச்சுப் போடும் ஜாதி இல்லை. நெல், சோளம், கம்பு, கேழ்வரகு, கரும்பு மாதிரிப் பயிர்களின் வேரைச் சுற்றியும் வேருக்குள்ளும் தங்கி வாழ்வது. அது கொடுக்கும் தழைச்சத்தைவிட, வேரைக் கிளைவிட வைக்கும் வளர்ச்சி ஊக்கிகளைச் சுரப்பதுதான் பயிருக்குப் பெரிய லாபம் என்கிறார்கள். நல்ல ஜீவன்தான். கடலைக்குத் தேவையான முடிச்சை அதனால் போட முடியாது. நான் வயலில் பார்த்துப் பூரித்துப்போன அந்தக் கடுகு முடிச்சுகள் மண்ணில் ஏற்கெனவே கிடந்த ஏதோ நாட்டுப் பாக்டீரியா போட்டவை. காசு கொடுத்து வாங்கியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்புறம் பொட்டலத்தின் தேதியைப் பார்க்கச் சொன்னார். ஒன்றில் தேதி அச்சு அழிந்திருந்தது, இன்னொன்றில் ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர். நகத்தால் உரித்தால் கீழே காலாவதியான தேதி. மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் 2006-ல் உயிர் உரங்களையும் கொண்டுவந்துவிட்டார்கள். அதன்படி பொடியாக வரும் ரைசோபியம், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஒரு கிராமில் குறைந்தது 5 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும், திரவமாக வந்தால் ஒரு மில்லியில் 10 கோடி. பாக்டீரியாவின் பெயர், எந்தப் பயிருக்கு, தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் உறையில் இருக்க வேண்டும். 5 கோடி இருக்கிறதா என்று நாம் எண்ண முடியாது. ஆனால் பெயர், பயிர், தேதி மூன்றையும் படிக்கலாமே. உறையில் “தழைச்சத்து பாக்டீரியா”, “வேர் வளர்ச்சி நுண்ணுயிர்” என்று பொதுவாகப் போட்டு, உள்ளே எது என்று சொல்லாத எதையும் இப்போது நான் கையால் தொடுவதில்லை. ரைசோபியத்திலேயே கடலைக்குத் தனி, உளுந்து பாசிப்பயறுக்குத் தனி, சோயாவுக்குத் தனி என்று கொடுக்கிறார்கள். கடலைப் பொட்டலம் என்று எழுதியிருக்க வேண்டும்.

அடுத்த கேள்வி, எப்படிக் கலந்தீர்கள். சொன்னேன். சூடான கஞ்சி என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மருந்தும் அதே வாளியில் என்றதும் சிரித்தே விட்டார், நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய. அவர் சொன்ன வரிசை இது. பூஞ்சாணத்துக்கு எதையாவது விதையில் தடவுவதென்றால் அதை முதல் நாளே முடித்துவிட வேண்டும், கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா போதும், அதுவும் ஓர் உயிர்தான், நல்ல பூஞ்சாணம். 24 மணி நேரம் கழித்து, கடைசியாகத்தான் ரைசோபியம். கஞ்சி முழுக்க ஆறியிருக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், குழாய்த் தண்ணீர் வேண்டாம். நிழலில் அரை மணி உலர்த்தல். அன்றைக்கே விதைப்பு, ஈரம் இருக்கிற மண்ணில். சூடோமோனாசும் நல்லதுதான், நெல்லுக்கும் காய்கறிக்கும் கிலோ விதைக்கு 10 கிராம் கலப்பார்கள், ஆனால் அதுவும் பாக்டீரியா என்பதால் தாமிர மருந்து, ஸ்டிரெப்டோமைசின் மாதிரி பாக்டீரியாவைக் கொல்லும் சரக்கு பக்கத்தில் வரக்கூடாது.

மண் முடிவு பத்து நாள் கழித்து வந்தது. கார அமில நிலை 5.4, அதாவது புளிப்பு மண், அமிலம் கூடியது. அங்ககக் கரிமம் 0.28 சதவீதம், அதாவது மண்ணில் மக்கு என்று ஒன்றும் இல்லை. மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், குறைவு. செம்புறாங்கல் பூமியில் இது சகஜம், இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாஸ்போபாக்டீரியா அமிலம் சுரந்து அதைக் கொஞ்சம் விடுவிக்கும், ஆனால் சுரப்பதற்கு அது உயிரோடு இருக்க வேண்டும், உயிரோடு இருக்க மக்கு வேண்டும். அமிலம் கூடிய மண்ணில் ரைசோபியம் வேருக்குப் போய்ச் சேர்வதே பாடு. அப்படியானால் நான் போட்ட ஜிப்சம்? அது காய்க்குச் சுண்ணாம்புச்சத்தும் கந்தகமும் கொடுக்கும், புளிப்பை மாற்றாது, அதற்குச் சுண்ணாம்புத் தூள் வேண்டும். இரண்டும் வெள்ளைத் தூள் என்பதால் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். ஆக நான் சரியான ரைசோபியத்தைச் சரியாகவே கலந்து போட்டிருந்தாலும் அந்த வருடம் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. இதைக் கேட்டதும் ஒருவகையில் ஆறுதல், ஒருவகையில் எரிச்சல். அடியுரமே வேண்டாம் என்று பேசியவர் ஒரு வார்த்தை மண்ணைப் பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. நானும் கேட்க விடவில்லை, உண்மையைச் சொன்னால்.

மாமா வயலில் மட்டும் எப்படிச் சிவப்பு? அவர் இதுவரை ஒரு பொட்டலம்கூடப் போட்டதில்லை. கேட்டேன். முப்பது வருடமாக விட்டுவிட்டுக் கடலையும் உளுந்தும் தட்டைப்பயறும் போட்டிருக்கிறார், கண்மாய் வண்டல் அடித்திருக்கிறார், கோடையில் ராத்திரி ஆடுகளை வயலில் அடைத்துக் கிடை போட்டிருக்கிறார். இந்தப் பயிர்களின் முடிச்சுப் பாக்டீரியாக்கள் நெருங்கிய சொந்தம், வருடாவருடம் மண்ணில் பெருகி நின்றுவிட்டன. என் வயலில் பதினைந்து வருடம் கருவேல் மட்டுமே நின்றது. பொட்டலம் யாருக்கு அதிகம் தேவை என்பதும் இதில் இருக்கிறது. புதுசாகக் கடலை போடும் நிலம், நெடுநாள் தரிசு, தண்ணீர் நின்ற நெல் வயல், இவற்றில் ரைசோபியம் நல்ல பலன் காட்டும். மாமா வயலில் போட்டால் பெரிய வித்தியாசம் தெரியாமலே போகலாம்.

2023 சித்திரையில் ஆடு மேய்க்கும் கீதாரி ஒருவரைப் பிடித்து மூன்று இரவு ஆட்டுக்கிடை போட்டேன். மண் அறிக்கை சொன்ன அளவுக்குச் சுண்ணாம்புத் தூளை விதைப்புக்கு ஒன்றரை மாதம் முன்பே தூவி உழுதேன். அரசு அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கண்மாய் வண்டல் எட்டு டிராக்டர் அடித்தேன், மண்ணுக்குக் காசில்லை, வண்டிக்கூலிதான். அந்த அலுவலக அலைச்சலில் நாலு நாள் போனது. ரைசோபியமும் பாஸ்போபாக்டீரியாவும் வேளாண் விரிவாக்க மையத்தில் வாங்கினேன். போன வருடச் செட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. குடுமியான்மலை மாதிரி இடங்களில் அரசே உயிர் உரம் தயாரிக்கிறது. சமயத்தில் இருப்பு இருக்காது, அதனால் ஒரு மாதம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். அங்கேயும் தேதியைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

வாங்கியதும் ஒரு பரீட்சை வைத்தேன். ஆற்று மணலைக் கொதிநீரில் இரண்டு தடவை அலசி இரண்டு பூந்தொட்டியில் நிரப்பி, இரண்டிலும் ஐந்தைந்து கடலை. ஒன்றில் மட்டும் ரைசோபியம் தடவிய விதை. இரண்டையும் தள்ளித் தள்ளி வைத்து, ஆறவைத்த வெந்நீரும் துளி சாம்பலும் விட்டேன். முப்பதாம் நாள் கொட்டிப் பார்த்தால் தடவியதில் ஆணிவேரைச் சுற்றி முடிச்சு, கீறினால் சிவப்பு. தடவாததில் ஒரே ஒரு செடியில் இரண்டு முடிச்சு. ஆய்வகச் சோதனைக்கு இது ஈடில்லை, ஆனால் பொட்டலத்தில் உயிர் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஒரு விவசாயி வீட்டிலேயே பெறக்கூடிய பதில். முப்பது நாள் முன்னதாக வாங்கினால்தான் இது முடியும். மிச்சப் பொட்டலங்களை மண்பானையில் போட்டு, பானையை ஈர மணலில் புதைத்து, சமையல்கட்டின் இருட்டு மூலையில் வைத்தேன். அப்பத்தா தடவிப் பார்த்து, “முறுக்கா?” என்றது.

விதை நேர்த்தி இந்தத் தடவை நிதானமாக. கடலைத் தோல் மெல்லிசு, வாளியில் போட்டு அடித்துக் கலந்தால் தோல் உரிந்து முளைப்பே போய்விடும். ஈரச் சாக்கில் பத்துக் கிலோ விதையைக் கொட்டி, ஆறின கஞ்சியில் குழைத்த பொடியைத் தெளித்து, நானும் மாமாவும் சாக்கின் இரண்டு முனையைப் பிடித்துத் தொட்டில் ஆட்டுவது போல ஆட்டினோம். ஒவ்வொரு பருப்பும் லேசாகக் கருப்புப் பூசிக்கொண்டது. 200 கிராம் பொட்டலம் மூன்று அந்த இரண்டு ஏக்கர் விதைக்குப் போதும், ஹெக்டேருக்கு 600 கிராம் கணக்கு. அது போக ஏக்கருக்கு நாலு பாஸ்போபாக்டீரியாப் பொட்டலத்தைப் பத்துக் கிலோ மக்கின எருவும் பத்துக் கிலோ மண்ணும் கலந்து, சாயங்காலம் ஈரத்தில் தூவினேன். அடியுரம் சிபாரிசு அளவுக்குப் போட்டேன், கொஞ்சம் தழைச்சத்து உட்பட, ஏனென்றால் முடிச்சு வேலையைத் தொடங்கவே மூன்று வாரம் ஆகும், அதுவரை குழந்தைக்குப் பால் வேண்டும். மேலுரமாக யூரியா இல்லை.

முக்கியமாக, 20 சென்ட்டை ரைசோபியம் தடவாத விதையால் முதலில் விதைத்தேன், கை கழுவாமல் மாற்றி மாற்றி விதைத்தால் ஒப்பீடு கெட்டுவிடும். மற்ற எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். அறுவடையில் பக்கத்து 20 சென்ட்டையும் அளந்து தனித்தனியாகக் காயவைத்து எடை போட்டேன். தடவியது 131 கிலோ, தடவாதது 112 கிலோ. மொத்தம் 31 மூட்டை. இதில் என் கணக்கன் புத்தி விடவில்லை. 14 மூட்டை 31 ஆனதற்குப் பாக்டீரியாதான் காரணம் என்று யாராவது சொன்னால் அது பொய். தடவாத இடமே போன வருடத்தை விட இரண்டு மடங்கு. அது கிடையும் சுண்ணாம்பும் வண்டலும் நேரத்துக்குப் பெய்த மழையும். பாக்டீரியாவின் பங்கு அந்த 19 கிலோ, ஏறக்குறைய ஆறில் ஒன்று, அதுவும் ஒரே வயலில் ஒரே வருடக் கணக்கு. ஆனால் அதற்கு நான் செலவழித்தது இரண்டு பேர் டீ, வடை சாப்பிடும் காசுக்குக் கொஞ்சம் மேலே. வட்டிக்கு விடுகிறவர்கள்கூட இப்படிச் சம்பாதித்ததில்லை.

போன வாரம் மாமா மகன் வந்தான். படித்துவிட்டு வீட்டில் இருக்கிறான், உளுந்து போடப் போகிறான். எக்ஸ்எல் முன் பையில் ஒரு பாலித்தீன் கவர், அதற்குள் கருப்புப் பொட்டலம் நாலு. வண்டி வேப்பமரத்துக்கு வெளியே வெயிலில் நின்றது. முதலில் அதைத் திண்ணைக்கு எடுத்து வரச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பிப் படித்தேன். ரைசோபியம், பயறு வகைகளுக்கு. தேதி அச்சடித்தது, ஸ்டிக்கர் இல்லை. சரியாகத்தான் வாங்கியிருக்கிறான். “எத்தனை நாளா வண்டிப் பையில கிடக்கு?” என்று கேட்டேன். அவன் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனதும் நான் பூந்தொட்டியை எடுக்க உள்ளே போனேன்.